எங்கள் ஊருக்கு வந்த ஏழு போலீஸ்

அன்று ஸ்டேஷனில் இருந்தவர்கள் இரண்டே பேர். மேசைக்குப் பின்னால் ஏட்டய்யா. வாசலில் துப்பாக்கியோடு பாரா நின்ற போலீஸ்காரர். இல்லாதவர்களின் பட்டியல்தான் நீளம். சப்-இன்ஸ்பெக்டரும் நான்கு போலீஸ்காரர்களும் வீரபாண்டித் திருவிழாவுக்குப் பந்தோபஸ்து போயிருந்தார்கள். இரண்டு பேர் கைதி ஒருவனைக் கூட்டிக்கொண்டு பெரியகுளம் கோர்ட்டுக்கு. இரண்டு பேர் மந்திரி வருகிறார் என்று வைகை அணைக்கு. இன்னொரு ஏட்டு மஞ்சள் காமாலையில் வீட்டோடு படுத்திருந்தார். மீதி மூன்று பேர் மாற்றலாகிப் போய் இரண்டு வருடமாகிறது. அவர்கள் இடத்துக்கு யாரும் வரவில்லை.

ஏட்டய்யாவின் தலைக்கு மேலே ஒரு கரும்பலகை தொங்கியது. இருக்க வேண்டியவர்கள் பதினைந்து, இருப்பவர்கள் இரண்டு என்று அதில் சாக்பீசால் எழுதி, யார் யார் எங்கே என்று கீழே வரிசையாகப் போட்டிருந்தது. நான் அதைப் படித்துக்கொண்டு நின்றேன். என் மாமா ஆட்டைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார்.

மாமா என்றால் என் அத்தையின் புருஷன். அத்தை அப்பாவோடு பிறந்தவர். மாமாவுக்கு இருபத்தாறு ஆடுகள் இருந்தன. முந்தின நாள் பட்டியிலிருந்து பதினொன்று போய்விட்டன. எங்கள் ஊர் மயிலாடும்பாறையிலிருந்து உள்ளே தள்ளி, மலையடிவாரத்தில் இருக்கிறது. அங்கிருந்து ஸ்டேஷனுக்கு எட்டு மைல். நடந்தே வந்திருந்தோம்.

"யாரு வர்றது சொல்லு?" என்றார் ஏட்டய்யா. "நான் வந்தா ஸ்டேஷனுக்கு ஆளில்ல. அவன் வந்தா துப்பாக்கிக்கு ஆளில்ல."

"துப்பாக்கியையும் கூட்டிக்கிட்டு வாங்கய்யா. அதுக்கும் எங்க ஊர்ல கஞ்சி ஊத்துறோம்" என்றார் மாமா.

பாரா போலீஸ்காரர் சிரித்துவிட்டு, ஏட்டய்யா திரும்பிப் பார்த்ததும் விறைத்துக்கொண்டார்.

"யோவ், பதினோரு ஆடுங்கிற. இந்நேரம் மலைக்கு அந்தப் பக்கம் கறிக்கடையில தொங்கும். இருக்கிறதக் காப்பாத்திக்க." அப்போதுதான் அவர் என்னைக் கவனித்தார். "அங்கன என்னலே எழுதுற?"

நான் பலகையைப் பார்த்து என் நோட்டில் எழுதிக்கொண்டிருந்தேன். "பலகையில இருக்கிறத, சார்."

"படிச்சிருக்கியோ?"

"எஸ்.எஸ்.எல்.சி., சார்."

அவர் கோபப்படுவார் என்று நினைத்தேன். படவில்லை. நாற்காலியைப் பின்னால் சாய்த்துக்கொண்டு, "ஆளில்லன்னு நாங்க எழுதினா அத எங்கன போடுவாகன்னு எங்களுக்கே தெரியாது. பொதுசனம் எழுதினா ஃபைல் போட்டே ஆகணும். எழுது, எழுது. எங்களுக்கும் புண்ணியமாப் போகும்" என்றார்.

திரும்பும் வழியெல்லாம் மாமாவுக்கு ஆட்டுக் கவலை பாதி குறைந்துவிட்ட மாதிரி இருந்தது. "போலீஸ் ஸ்டேஷன் பலகையவே எழுதிக்கிட்டு வந்துட்டியே மாப்ள! நானா இருந்தா அது என்னமோ சாமி படம்னு கும்பிட்டுட்டு வந்திருப்பேன்" என்று நாலு தடவையாவது சொன்னார். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அதுவரை என் படிப்பு மற்றவர்களுக்கு வந்த கடுதாசியை வாசித்துக் காட்டவும், உர மூட்டையில் என்ன போட்டிருக்கிறது என்று சொல்லவும்தான் பயன்பட்டிருந்தது. இப்போது ஒரு ஊருக்கே மனு எழுதப் போகிறேன். எட்டு மைல் எனக்குத் தெரியவே இல்லை.

கோயில் முன்னால் ஊர் கூடிப் பேசினார்கள். அவர்கள் கேட்டது அதிகமில்லை. வாரத்துக்கு இரண்டு நாள் இரண்டு போலீஸ்காரர்கள் வந்து ஊரை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுப் போக வேண்டும். போலீஸ் வருகிறது என்ற பேச்சு இருந்தாலே திருடன் வரமாட்டான். அவ்வளவுதான். எழுதும் பொறுப்பை என்னிடம் விட்டார்கள். எங்களுடையது மேலத்தெரு, மாமா வீடு கீழத்தெரு. இரண்டு தெருவும் அன்று ஒரே பேச்சாகத்தான் இருந்தன.

மூன்று நாள் உட்கார்ந்து எழுதினேன். பதினொரு ஆடு, எட்டு மைல், பதினைந்துக்கு இரண்டு. எழுதி முடித்து வாசித்துப் பார்த்தபோது எனக்கே வெட்கமாக இருந்தது. மளிகைச் சீட்டு மாதிரி இருந்தது. தேனியில் படிப்பகத்துக்குப் போகும்போதெல்லாம் பத்திரிகையில் பார்த்திருக்கிறேன். கலவரம் நடந்த ஊருக்குத்தான் லாரி லாரியாகப் போலீஸ் போகும். ஆடு காணாமல் போன ஊருக்குப் போலீஸ் போனதாக நான் எந்தப் பத்திரிகையிலும் படித்ததில்லை. அதனால் மூன்றாவதாக ஒரு பத்தி சேர்த்தேன்.

அதற்கு ஒரு சின்ன ஆதாரம் இருந்தது. முந்தின மாதம் பொதுக்கிணற்றுத் தொட்டியில் யார் மாடு முதலில் தண்ணீர் குடிப்பது என்று மேலத்தெருக்காரர் ஒருவருக்கும் கீழத்தெருக்காரர் ஒருவருக்கும் தள்ளுமுள்ளு. ஒருவர் தொட்டியில் இடித்துக்கொண்டு நெற்றியில் துணி கட்டிக்கொண்டார். அன்று சாயங்காலமே இரண்டு பேரும் ஒரு கல்யாண வீட்டில் பக்கத்துப் பக்கத்து இலையில் சாப்பிட்டார்கள். நான் எழுதியது இது:

"மேலும் எங்கள் கிராமத்தின் இரு தெருவினரிடையே நெடுங்காலப் பகை நிலவி, சமீபத்தில் இரத்தம் சிந்தும் மோதலும் நிகழ்ந்துள்ளது. கீழத்தெருவினர் நீண்ட கழிகளில் கூரிய கொக்கிகள் பொருத்திய ஆயுதங்களுடன் பகிரங்கமாக நடமாடுகின்றனர். எந்நேரமும் பெருங்கலவரம் வெடிக்கும் அபாயம் உள்ளது."

கொக்கி பொருத்திய கழி என்பது தொரட்டி. உடைமரத்திலும் வேலமரத்திலும் உயரத்தில் இருக்கும் கொப்பை இழுத்து ஆட்டுக்குப் போடுவதற்கு வைத்திருப்பது. கீழத்தெருவில் ஆடு வைத்திருக்கிற ஒவ்வொரு வீட்டிலும் ஒன்று உண்டு. பகை என்று எழுதினால் ஒரு தரப்பு ஆயுதம் வைத்திருந்தால்தானே பொருந்தும் என்று தோன்றியது. அந்த வாக்கியத்தை எழுதி முடித்தேன். இன்னொரு தடவை படித்துப் பார்த்தேன். நன்றாக இருப்பதாகவே நினைத்தேன்.

தேனி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் தமிழ் டைப் மெஷின் வைத்து மனு அடித்துக் கொடுக்கிற பெரியவர் ஒருவர் இருந்தார். என் கையெழுத்துத் தாள்களை முழுக்கப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"தம்பி, ஆடு காணோம்னு ஆரம்பிக்குது, ஊரு பத்தி எரியுதுன்னு முடியுது. ரெண்டுல உங்களுக்கு எது வேணும்?"

"ரெண்டும்தான் சார்."

"இந்த மூணாவது பத்தி பெரிய வார்த்தை. எடுத்துருவமா?"

"எழுதியிருக்கிறபடியே அடிங்க சார்" என்றேன். ஒரு டைப் அடிப்பவர் என் தமிழைத் திருத்துவதா என்று இருந்தது.

ஊருக்கு வந்து கோயில் முன்னால் நின்று மனுவை வாசித்தேன். பெண்கள்கூட வந்திருந்தார்கள். பதினொரு ஆடு வந்தபோது அத்தை முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். பதினைந்துக்கு இரண்டு வந்தபோது எல்லாரும் 'ச்சொச்சோ' என்றார்கள். இரண்டாவது பத்தி முடிந்ததும் என் கண் நேரே நான்காவது பத்திக்குப் போயிற்று. குரல் ஒரு இடத்திலும் தட்டவில்லை. 'ஆகவே கருணைகூர்ந்து' என்று வாசித்து முடித்தேன்.

ஏன் விட்டேன் என்று இப்போது கேட்டால் ஒரு பதில்தான் இருக்கிறது: அது பொய் என்று எனக்குத் தெரியும். அன்று வேறு பதில் வைத்திருந்தேன். ஆபீஸ் பாஷை இவர்களுக்குப் புரியாது, வீணாகப் பயந்துகொள்வார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். தேனியில் வாங்கிவந்த மைப்பெட்டியைத் திறந்து வைத்தேன். அறுபத்துமூன்று பேர் பெருவிரல் வைத்தார்கள். ஐந்து பேர் கையெழுத்துப் போட்டார்கள். அந்த ஐந்தில் நான்கு பேருக்குத் தங்கள் பெயரை எழுத மட்டும்தான் தெரியும். ஐந்தாவது ஆள் நான்.

ஆடி மாதம் விசாரணைக்கு ஒரு அதிகாரி வந்தார். ஜீப்பில், ஒரு குமாஸ்தாவோடு. அவர் வருகிறார் என்று தெரிந்ததும் நான் வீடு வீடாகப் போய்ச் சொல்லி வைத்திருந்தேன்: "என்ன கேட்டாலும் ஆமான்னு சொல்லுங்க. இல்லைன்னு ஒரு வார்த்தை வந்துச்சுன்னா போலீசு வராது."

சொன்னதற்கு மேலேயே செய்தார்கள்.

"ரெண்டு தெருவுக்கும் ஆகாதாமே?" என்று அதிகாரி கேட்டார்.

"ஆகவே ஆகாதுங்கய்யா" என்றார் மேலத்தெருக்காரர் ஒருவர். அவர் மகளைக் கீழத்தெருவில்தான் கொடுத்திருந்தார். அந்தப் பேரப்பிள்ளை அவர் இடுப்பில் உட்கார்ந்துகொண்டு மீசையை இழுத்துக்கொண்டிருந்தது.

"எப்ப வேணும்னாலும் வெட்டு விழும்ங்கிறது நெசமா?"

"இன்னைக்கே விழுந்தாலும் விழும்ங்கய்யா. நீங்க வந்திருக்கீகன்னு பொறுமையா நிக்கிறோம்."

இன்னொருவர் அழைக்காமலேயே முன்னால் வந்து வேட்டியை ஒதுக்கித் தொடையில் இருந்த தழும்பைக் காட்டினார். புளியமரத்தில் இருந்து விழுந்த தழும்பு அது; ஊருக்கே தெரியும். ஒருத்தரும் வாய் திறக்கவில்லை. குமாஸ்தா அதை எழுதிக்கொண்டார்.

மாமா ஆட்டை அப்படியே விட்டுவிட்டுத் தொரட்டியோடு வந்திருந்தார். அதிகாரி அதை மேலும் கீழும் பார்த்தார். "இது என்ன?"

"தொரட்டிங்கய்யா."

"எதுக்கு வச்சிருக்க?"

மாமா என்னைப் பார்த்தார். எதையும் மறுத்துச் சொல்லக்கூடாது என்று நான் சொல்லியிருந்ததை நினைத்துக்கொண்டாரோ என்னவோ. நான் தலையை ஆட்டினேன்.

"எல்லாத்துக்கும்தாங்கய்யா" என்றார்.

ஜீப் போன பிறகு மாமா என் பக்கத்தில் வந்து, "ஏன் மாப்ள, ஆட்டப் பத்தி ஒரு வார்த்தை கேக்கலியே அவுக?" என்றார்.

"அதெல்லாம் மனுவுல இருக்கு மாமா" என்றேன்.

ஆவணியில் எனக்குப் பஞ்சாயத்து யூனியன் ஆபீசில் கிளார்க் வேலை உத்தரவு வந்தது. புரட்டாசியில் போலீஸ் வந்தது. ஒரு ஏட்டும் ஆறு போலீஸ்காரர்களும் லாரியில் வந்து இறங்கினார்கள். இரண்டு பேர் கேட்ட ஊருக்கு ஏழு பேர்! தேங்காய் உடைத்தார்கள். அத்தை ஆரத்தி எடுத்தார். பள்ளிக்கூடத்தைக் காலி செய்து அவர்களைத் தங்க வைத்தார்கள். பிள்ளைகள் மரத்தடிக்குப் போனார்கள். மாமா என் தோளில் கைபோட்டுக்கொண்டு ஊர் முழுக்க நடந்தார். "எங்க மாப்ள எழுத்துக்கு வந்த படை" என்று பார்க்கிற ஆளிடமெல்லாம் சொன்னார். ஸ்டேஷனில் அன்று பாரா நின்ற போலீஸ்காரரும் அந்த ஆறு பேரில் ஒருவர். என்னைப் பார்த்ததும் அவர் சிரித்துவிட்டு, "அங்கன இப்ப ஏட்டய்யாவே துப்பாக்கியப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறாரு தம்பி" என்றார். அதை வேடிக்கைப் பேச்சு என்றுதான் எடுத்துக்கொண்டேன்.

மூன்றாவது நாள் தலையாரி தமுக்கடித்துக்கொண்டு வந்தார். இரு தெருவுக்கும் இடையில் கலவரம் நேராமல் தடுக்க ஏழு பேர் கொண்ட கூடுதல் போலீஸ் ஆறு மாதத்துக்கு இந்தக் கிராமத்தில் வைக்கப்பட்டிருக்கிறது. அதற்கான சம்பளமும் செலவும் இந்தக் கிராமத்து வீடுகளிடமிருந்து வசூலிக்கப்படும்.

"என்னது? போலீசுக்குச் சம்பளம் சர்க்கார்தான குடுக்கும்?" என்று மாமா கேட்டார்.

"மத்த போலீசுக்குச் சர்க்கார் குடுக்கும். இது தண்டப் போலீசு. அடிச்சுக்கிற ஊருக்குத் தண்டனையா அனுப்புறது. ஊருதான் குடுக்கணுமாம்."

"அடிச்சுக்கிட்டது யாருப்பா?"

தலையாரி தமுக்கைத் தோளில் மாட்டிக்கொண்டு, "அத என்னையக் கேட்டா?" என்றார்.

அன்றே போலீஸ்காரர்கள் கீழத்தெருவில் வீடு வீடாகப் போய்த் தொரட்டிகளை எடுத்துவந்து பள்ளிக்கூடத்து மூலையில் அடுக்கினார்கள். மாமாவுடையதும் போயிற்று.

ஆட்சேபணை சொல்ல ஒரு நாள் கொடுத்தார்கள். அதே அதிகாரி வந்தார். நாங்கள் சண்டைக்காரர்கள் இல்லை, ஆட்டுத் திருட்டுக்குத்தான் மனு போட்டோம் என்று ஆளுக்கு ஆள் பேசினார்கள். புளியமரத்துத் தழும்புக்காரர், அது புளியமரத்துத் தழும்புதான் என்று கையெடுத்துக் கும்பிட்டுச் சொன்னார். அதிகாரி கடைசிவரை கேட்டார். பிறகு ஃபைலைத் திறந்து, "இது உங்க மனுதானே? இது உங்க ரேகைதானே?" என்று கேட்டுவிட்டு, மூன்றாவது பத்தியை நிறுத்தி நிதானமாக வாசித்தார். அவர் நன்றாக வாசிப்பவர். என் வார்த்தைகள் ஒவ்வொன்றும் தனித்தனியாகக் கேட்டன.

மாமா மட்டும் திரும்பி என்னைப் பார்த்தார். கோபமாக இல்லை. வழி கேட்கிற ஆள் பார்ப்பது மாதிரி.

"மாப்ள, நீ அன்னைக்கு வாசிச்சப்ப இது இருந்துச்சா?"

"இல்ல மாமா" என்றேன். "டைப் அடிச்சவர் சேர்த்திருப்பாரு."

அவ்வளவு சுலபமாக வந்தது. யோசிக்கக்கூட இல்லை. கூட்டம் முழுக்க அந்தத் தேனிக்காரரைத் திட்ட ஆரம்பித்தது. நானும் அவர்களோடு சேர்ந்து தலையை ஆட்டிக்கொண்டு நின்றேன். அதிகாரி, யார் சேர்த்திருந்தாலும் ரேகை வைத்தது நீங்கள், விசாரணையில் ஆமாம் சொன்னதும் நீங்கள் என்று சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறினார்.

வரிப் பட்டியல் தயாரானது. மனுவில் ஆயுதம் வைத்திருப்பதாகச் சொல்லப்பட்டது கீழத்தெரு என்பதால் அந்தத் தெருவுக்கு ஒன்றரை மடங்கு போட்டிருந்தார்கள். கணக்குப்பிள்ளை எங்கள் வீட்டு வாசலுக்கு வந்தபோது அப்பாதான் எழுந்து நின்றார். கணக்குப்பிள்ளை பட்டியலில் விரலை ஓட்டிவிட்டு, "உங்களுக்கு வராதுப்பா. மகன் சர்க்கார் உத்தியோகம். அரசு ஊழியர் குடும்பத்துக்கு விலக்கு" என்றார்.

அப்பா என்னைப் பார்த்துச் சிரித்தார். "படிச்சதுக்கு இதாவது மிச்சம்" என்றார். நான் உள்ளேதான் இருந்தேன். எங்கள் பெயரையும் சேருங்கள் என்று சொல்லியிருக்கலாம். கணக்குப்பிள்ளை அடுத்த வீட்டுக்குப் போகும்வரை பொத்தான் போடுகிற மாதிரி சட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

கார்த்திகையில் மேலத்தெருவில் ஒரு வீட்டுப் பித்தளை அண்டா திருடு போயிற்று. ஏழு போலீஸ் கண்ணெதிரே உட்கார்ந்திருக்கிறதே என்று அந்த வீட்டம்மா பள்ளிக்கூடத்துக்கு ஓடினார். போலீஸ்காரர்கள் வெயிலில் தலைக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தார்கள்.

"ஆத்தா, எங்களுக்கு உத்தரவு கலவரத்துக்குத்தான். திருட்டுக்கு ஸ்டேஷனுக்குப் போங்க" என்றார் அவர்களுடைய ஏட்டு.

"அங்கன ஆளில்லன்னுதானய்யா உங்களக் கூப்பிட்டோம்!"

"அதுக்கு நாங்க என்ன செய்ய? சண்டை வந்தாச் சொல்லுங்க, உடனே வர்றோம்."

அந்த அம்மா எட்டு மைல் போகவில்லை. ஊரில் கொஞ்ச நாள் அது ஒரு பேச்சாக இருந்தது. ஏதாவது காணாமல் போனால், "ரெண்டு பேரு அடிச்சுக்கங்கப்பா, போலீசு வரட்டும்" என்பார்கள். நான் போகும்போது அந்தச் சிரிப்பு நின்றுவிடும். மரியாதைக்காகத்தான் நிறுத்தினார்கள். கிளார்க் சார் போகிறார் என்று.

ஆறு மாதம் முடிந்து பங்குனியில் போய்விடுவார்கள் என்று ஊர் நாளை எண்ணிக்கொண்டிருந்தது. கூடுதல் போலீஸ் வைக்கப்பட்டதிலிருந்து இரு தெருவுக்கும் இடையே ஒரு அசம்பாவிதமும் நிகழவில்லை. ஆகவே மேலும் ஆறு மாதம் நீட்டிக்கப்படுகிறது என்று உத்தரவு வந்தது. இந்த அமைதிக்குப் போலீஸ்தான் காரணம் என்று யாரோ ஒருவர் நல்ல தமிழில் எழுதியிருந்தார். அவரைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை.

பங்குனிதான் ஆட்டுக்காரர்களுக்குக் கெட்ட மாதம். தரையில் புல் இருக்காது. மரத்தில் இருப்பதைத்தான் இழுத்துப் போட வேண்டும். மாமா பள்ளிக்கூடத்துக்குப் போய்த் தொரட்டியைக் கேட்டார். நீட்டிப்பு முடிந்ததும் வாங்கிக்கொள் என்றார்கள். மரத்தில் ஏறி, அரிவாளால் கொப்பு வெட்டிப் போட்டார். ஐம்பது வயதுக்காரர். மிச்சம் இருந்த பதிமூன்று ஆட்டில் இரண்டு செத்தன. முதல் தவணை வரிக்காக மார்கழியில் இரண்டை ஏற்கனவே விற்றிருந்தார்.

ஒரு நாள் மாமா யாரிடமும் சொல்லாமல் தேனிக்குப் பஸ் ஏறினார். மனு அடித்த பெரியவரைக் கண்டுபிடித்து, எங்கள் ஊரைக் கெடுத்துவிட்டாயே என்று சண்டை போட்டிருக்கிறார். அந்தப் பெரியவர் திருப்பிச் சண்டை போடவில்லை. அவர் ஒவ்வொரு மனுவின் கையெழுத்துத் தாளையும் கம்பியில் குத்தி வைத்திருப்பவர். தேடி எடுத்து மாமாவின் கையில் கொடுத்து, "இத உங்க ஊர்ல படிச்சவங்ககிட்டக் குடுத்து வாசிக்கச் சொல்லுங்க" என்று அனுப்பிவிட்டார்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. மாமா என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். அத்தை கருவாட்டை ஆய்ந்துகொண்டிருந்தார். மாமா மடியிலிருந்து மடித்த தாளை எடுத்து என்னிடம் நீட்டினார். விரிப்பதற்கு முன்பே தெரிந்துவிட்டது. என் பள்ளிக்கூட நோட்டுத் தாள்.

"வாசி மாப்ள."

"மாமா..."

"மெதுவா வாசி. ஒண்ணும் விடாம வாசி. எங்களுக்கு அவசரமில்ல."

வாசித்தேன். பதினொரு ஆடு, எட்டு மைல், பதினைந்துக்கு இரண்டு. பிறகு மூன்றாவது பத்தி. 'கூரிய கொக்கிகள்' என்ற இடத்தில் நிறுத்தினேன். மாமா காத்திருந்தார். நான் விட்ட இடத்திலிருந்து திரும்பவும் தொடங்கி முடித்தேன். அத்தை கருவாட்டுத் தட்டை ஒதுக்கி வைத்துவிட்டு என் கையில் இருந்த தாளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இது யாரு எழுத்துய்யா?" என்றார்.

"என்னுதுதான் அத்தை."

மாமா கேட்டார்: "தொரட்டின்னு எழுத வேண்டியதுதான? கொக்கி, கழின்னு என்னத்துக்கு எழுதின?"

"தொரட்டின்னு எழுதினா... சின்னதாத் தெரிஞ்சது மாமா. மேல இருக்கிறவுகளுக்குப் பெரிசாத் தெரியணும்னு..."

"ஆடு பதினொண்ணு பெரிசாத் தெரியலியாக்கும் ஒனக்கு?" என்றார் அத்தை.

மாமா அவரைக் கையமர்த்தினார். தாளை என்னிடமிருந்து வாங்கி மடித்து, என் சட்டைப் பையிலேயே வைத்தார். "இத வேற யாருகிட்டயும் நான் சொல்லப் போறதில்ல. அந்தத் தேனிக்காரர வைய வேணாம்னு மட்டும் சொல்லிர்றேன். பாவம், நல்ல மனுசன். டீ வாங்கிக் குடுத்தாரு."

ஊரில் சொல்லிவிடுங்கள் என்று நானாவது சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. நானே கோயில் முன்னால் நின்று சொல்லியிருக்க வேண்டும். அதே இடம், அதே ஆட்கள். அதையும் செய்யவில்லை. மாமா சொன்னபடி நடந்துகொண்டார், நான் அதற்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். மூன்று வருடமாக அப்படித்தான் இருக்கிறேன். எங்கள் ஊரில் இதைப் படிக்கத் தெரிந்தவர்கள் இன்னும் நாலைந்து பேருக்கு மேல் இல்லை என்ற தைரியத்தில்தான் இப்போதுகூட எழுதுகிறேன்.

இரண்டாம் தவணை வந்தபோது என் சம்பளத்தை எடுத்துக்கொண்டு மாமா வீட்டுக்குப் போனேன். நான் கட்டிவிடுகிறேன் என்றேன். மாமா கயிறு முறுக்கிக்கொண்டிருந்தார், நிமிரவில்லை. "ஒன் வீட்டுக்கு விலக்குன்னா அது ஒன் வீட்டோட மாப்ள. எங்க தெருவுக்கு விலக்கு இல்ல" என்றார். அதற்கு மேல் அந்தப் பேச்சை எடுக்க விடவில்லை. அத்தை மோர் கொடுத்தார். குடித்துவிட்டு வந்தேன்.

புரட்டாசியில் போலீஸ் லாரி ஏறிப் போயிற்று. தொரட்டிகளைத் திருப்பிக் கொடுத்தார்கள், பாதி செல்லரித்திருந்தது. மாமாவுக்கு அப்போது தொரட்டி தேவைப்படவில்லை. இரண்டாம் தவணைக்காக நல்ல ஆடுகளில் நாலை விற்று, தீனி போட முடியாமல் மீதியையும் கடமலைக்குண்டு வியாபாரியிடம் கிடைத்த விலைக்குத் தள்ளிவிட்டு, அடுத்தவர் தோட்டத்தில் கூலிக்குப் போய்க்கொண்டிருந்தார்.

ஸ்டேஷனில் அந்த மூன்று இடங்களுக்கு இன்னும் ஆள் வரவில்லை என்று கேள்விப்பட்டேன்.

வரி ரசீதுகள் இரண்டையும் அத்தை அரிசிப் பானைக்குள் போட்டு வைத்திருந்தார். போன மாதம் அவற்றை எடுத்து, இன்னும் ஏதாவது பாக்கி இருக்கிறதா பார் என்று என்னிடம் காட்டினார். பாக்கி எதுவும் இல்லை. முதல் தவணை முப்பத்தெட்டு ரூபாய் ஐம்பது பைசா, இரண்டாவது நாற்பத்தொரு ரூபாய். தேனிக்குப் போய்வந்த பஸ் சார்ஜைச் சேர்க்காமல், என் எழுத்துக்கு அவர்கள் கட்டியது எழுபத்தொன்பது ரூபாய் ஐம்பது பைசா.